முதல்ல உங்க மூக்கு, அப்புறம் பக்கத்து சீட்டு

விமானம் கிளம்பும்போது ஏர்ஹோஸ்டஸ் மாஸ்க் மாட்டிக் காட்டுவாங்க. நாம செல்போனை நோண்டிட்டு இருப்போம். இது தப்புங்க!

2018 ஏப்ரல் 17. நியூயார்க்கில் இருந்து டல்லாஸ் போன சவுத்வெஸ்ட் 1380 விமானத்துல என்ஜின் உடைஞ்சு, ஜன்னல் பிய்ஞ்சு, கேபின் காற்றழுத்தம் சட்டுனு போயிடுச்சு. ஒரு பயணி இறந்துட்டாங்க. அப்போ உள்ளே எடுத்த படத்தைப் பாருங்க... பலர் வாயை மட்டும் மூடியிருக்காங்க, மூக்கு வெளியே!

35,000 அடியில் ஆக்சிஜன் இல்லாம தெளிவா செயல்பட 30 முதல் 60 வினாடிதான் கிடைக்கும். அதான் 'முதல்ல நீங்க, பிறகு குழந்தை'ன்னு சொல்றாங்க. கேட்க சுயநலமாத்தான் இருக்கும். ஆனா அம்மாவே மயங்கிட்டா குழந்தைக்கு யார் மாட்டுறது?

மாஸ்க்கை நல்லா இழுங்க, மூக்கையும் வாயையும் மூடுங்க. பை உப்பலைன்னாலும் ஆக்சிஜன் வரும். டிக்கெட்டுக்கு அவ்வளவு காசு கொடுக்குறோம், ரெண்டு நிமிஷ கவனம் கொடுக்கக் கூடாதா?