டிரெட்மில் சீட்டில் "நார்மல்"... அப்படியே நம்பலாமா?

நெல்லை:
அம்பை, சேரன்மகாதேவி, ஸ்ரீவைகுண்டம் பக்கமிருந்து நெஞ்சுவலி என்று பஸ் ஏறுகிறவர்கள் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்கோ, தனியார் ஆஸ்பத்திரிக்கோ வருகிறார்கள். "டிரெட்மில் எடுங்க" என்கிறார் டாக்டர். ஓடி முடித்ததும் கையில் ஒரு சீட்டு. அதில் "நார்மல்". வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி.

அந்த நிம்மதி கெட்டியானதா? அங்கேதான் சிக்கல்!

100-க்கு 68

பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 1989-ல் கணக்குப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் அடைப்பு உள்ள 100 பேரில் சராசரியாக 68 பேரைத்தான் டிரெட்மில் பிடித்தது. 32 பேர் தப்பிவிட்டார்கள். அடைப்பே இல்லாத 100 பேரில் 23 பேருக்கு வீண் பயம். ஓட்டத்தோடு எக்கோ அல்லது அணுக்கதிர் ஸ்கேனும் எடுத்தால், பிடிபடுகிறவர்கள் 80-க்கு மேல் போகிறார்கள்.

ஆனால் அதையும் ஒழுங்காக எடுக்க வேண்டுமே!

பாதி ஓட்டம்

220-ல் வயதைக் கழித்தால் வருவதுதான் இதயத் துடிப்பின் உச்சக் கணக்கு. அதில் 85 சதவீதமாவது தொட வேண்டும். 50 வயதுக்காரருக்கு நிமிடத்துக்கு சுமார் 145. மூட்டுவலி என்று 110-லேயே இறங்கிவிட்டவருக்கு "நார்மல்" என்று எழுதக்கூடாது. "சோதனை முழுமையாகவில்லை" என்றுதான் எழுத வேண்டும். துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இதே கதைதான். அதற்காக டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் கூடாது.

எக்கோ என்றால், இறங்கிய ஒரு நிமிடம், மிஞ்சினால் ஒன்றரை நிமிடத்துக்குள் படம் பிடித்தாக வேண்டும். தாமதித்தால் இதயம் பழையபடி ஆகி, கோளாறு மறைந்துவிடும்.

முத்திரை எங்கே?

கடைத்தெரு தராசுக்கு முத்திரை இல்லாவிட்டால் அபராதம். அணுக்கதிர் ஸ்கேனுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். ஆனால் அது கதிர்வீச்சுப் பாதுகாப்புக்காக. எழுதிக் கொடுத்த ரிசல்ட் சரியா என்று அது சொல்லாது.

அதைப் பார்க்கப் புது மெஷின் வேண்டாம். ஒரு நோட்டு போதும். மாதம் எத்தனை பேர் ஓடினார்கள்? எத்தனை பேர் 85 சதவீதம் தொட்டார்கள்? பிறகு எடுத்த ஆஞ்சியோவோடு ரிசல்ட் ஒத்துப்போனதா? "நார்மல்" என்று அனுப்பியவர்களில் எத்தனை பேர் மாரடைப்போடு திரும்பி வந்தார்கள்? ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் இந்தக் கணக்கை எழுதி வைத்தால், அதுதான் முத்திரை!

சோதனைக்குப் போகிறவர்கள் சீட்டை மடித்துப் பையில் வைக்குமுன் ஒன்று கேளுங்க: "என் துடிப்பு எவ்வளவு வரை போச்சு? அது போதுமா?"

இன்னொன்று. மறுபடி நெஞ்சு வலித்தால், "நார்மல் சீட்டு இருக்கே, வாயுவாத்தான் இருக்கும்" என்று படுத்துவிடாதீங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க!