வழக்குரைப்பார் இல்லாதார்

மணவாழ்க்கையிற் பிணக்குற்றோர் தம் வழக்கைத் தாமே உரைத்தல் வேண்டும் என்பது 1984-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் கருத்தாகும். வழக்கறிஞரைக் கொண்டு வாதாடுதல் அம்மன்றத்தில் எவர்க்கும் உரிமையன்று என்று அதன் 13-ஆம் பிரிவு கூறுகின்றது. வாதம் மிகின் பகையும் செலவும் மிகும். இருவரும் நேரிற் பேசின் இணக்கம் பிறத்தல் கூடும். இவ்வெண்ணம் நன்றே. ஆயின், ஏழையர்க்கு இது நன்மையாய் முடிகின்றதோ என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தன் வழக்கைத் தானே உரைத்தல் நம் மரபிற்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தில், கோவலனை ஆராயாது கொல்வித்த அதே பாண்டியன், கண்ணகியை யாரென வினவி, அவள் சொற்கேட்டுச் சிலம்பைக் கொணர்வித்தான், உண்மை வெளிப்பட்டது. ஒரு குழவிக்காகச் சாலொமோன்முன் வழக்கிட்ட பெண்டிர் இருவர்க்கும் பரிந்து பேசுவார் எவருமிலர். அரசன் தானே ஒரு சோதனை வகுத்துத் தாயை அறிந்தான். பேசுவார் இல்லாதவிடத்துக் கேட்பவர் கடமை இருமடங்காம் என்பது இவற்றாற் பெறப்படும்.

இனி இன்றைய நிலையை நோக்குவோம். கோட்டையாற் பெயர்பெற்ற ரஞ்சன்குடியிலிருந்து ஜீவனாம்சம் கோரிப் பெரம்பலூருக்குச் செல்லும் உழவர்குடிப் பெண்ணொருத்தியைக் கருதுக. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் ரஜ்னேஷ் – நேகா வழக்கில் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, இருதிறத்தாரும் தத்தம் வருவாயையும் உடைமையையும் பிரமாணப் பத்திரத்தில் வெளிப்படுத்தல் வேண்டும். உழுதொழிலோர்க்கெனத் தனிப்படிவமும் உண்டு. நிலத்தின் பரப்பு யாது, நன்செயோ புன்செயோ, விளைவன யாவை, கால்நடை உளவோ, கடன் எவ்வளவு என்றெல்லாம் அது வினவும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் புன்செயில் உழைத்தவள் இவற்றை நன்கறிவாள். எனினும், பட்டா மாமனார் பெயரில் இருப்பின் கணவனுடைய பங்கை எங்ஙனம் மெய்ப்பிப்பாள்? அவன் மறைத்த வருவாயை எங்ஙனம் வெளிக்கொணர்வாள்? அவனோ மன்றத்தின் அனுமதி பெற்று வழக்கறிஞருடன் வருதல் கூடும். உரிமை இருவர்க்கும் இல்லை; அனுமதியின் பயனோ பொருளுடையார்க்கே எய்துகின்றது.

இதற்குப் பரிகாரமும் சட்டத்திலேயே உளது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், 12-ஆம் பிரிவில், பெண்டிர்க்கு வருவாய் நோக்காமலே இலவசச் சட்ட உதவிபெறும் தகுதியை அளிக்கின்றது. வருவாய் குறைந்த ஆடவரும் அதற்குரியரே. குடும்ப நீதிமன்றமும் தனக்குத் துணையாகச் சட்டவல்லுநர் ஒருவரை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் உதவி உண்டென்பதையே அறியாதார் அதனைக் கேட்பது யாங்ஙனம்?

வழக்கறிஞர் புகுந்தால் வழக்கு நீளும் என்பார் உளர். நீளுதல் தீதே. ஆயினும், ஒருவர் படைக்கலத்தோடும் மற்றவர் வெறுங்கையோடும் நிற்கையில் விரைந்து பிறக்கும் இணக்கம் இணக்கமாகாது. அச்சத்தால் விளைந்த உடன்பாடே ஆகும்.

ஆதலின், ஒருதிறத்தார்க்கு வழக்கறிஞரை அனுமதிக்கும் அன்றே, மற்றத் திறத்தார் கேளாமலே அவர்க்கும் சட்ட உதவி அளித்தல் வேண்டும். இருதிறத்தார்க்கும் வழக்கறிஞர் இல்லையாயின், நீதிபதி தாமே வினவி உண்மையை ஆராய்தல் வேண்டும். மனு அளிக்கும் நாளிலேயே இவ்வுதவியின் செய்தியை எளிய தமிழில் எழுதிக் கையிற் கொடுத்தலும், எழுத்தறியார்க்கு வாயால் உரைத்தலும் வேண்டும். கண்ணகியின் நாவன்மை எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அது வாய்க்காதாரும் நீதி பெறுதற்கன்றோ மன்றங்கள் அமைந்தன?