பிளைவுட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கூலிங் வண்டிகளுக்கு உள்சுவர் கட்டுவது என் தொழில். ஐஸ்கிரீமும் மீனும் கெடாமல் ஊர் போய்ச் சேர, ஷீட்டுக்கும் ஷீட்டுக்கும் நடுவே பஃப் எனும் பாலியூரித்தேன் நுரையை அடைப்போம். இப்போது மனிதர்கள் படுத்துத் தூங்கும் வண்டிகளும் பட்டறைக்கு வருகின்றன. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவை அறிவித்த பிறகு, கோவையிலும் பழைய டிராவலரை வாங்கி வீடாக்கும் ஆசை பரவிவிட்டது. வருகிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை எம்எம் போட்டா சூடு உள்ள வராதுங்கண்ணா?"

எத்தனை போட்டாலும் வரும். இன்சுலேஷன் சூட்டைத் தாமதப்படுத்தும், அவ்வளவே. மே மாத வெயிலில் நாள் முழுக்க நின்ற வண்டியில் ஏசியோ காற்றோட்டமோ இல்லையென்றால், உள்ளே வந்த சூட்டை மாலையில் வெளியே விடாமல் பிடித்துவைப்பதும் அதே பொருள்தான். அதனால் முதலில் கூரைக்கு வெள்ளை பெயின்ட், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன், முன்கண்ணாடிக்கு வெளிப்பக்கமாக ஒரு மறைப்பு. பிறகுதான் இன்சுலேஷன்; அதிலும் கூரைக்கே முதல் பணம்.

மலிவு என்று தெர்மாகோல் கேட்பவர்கள் அதிகம். சூட்டைத் தடுப்பதில் அது மட்டமில்லை. ஏசி டக்ட்டில் சுற்றும் கறுப்பு நைட்ரைல் ரப்பர் ஷீட்டுக்கு ஏறக்குறைய சமம். ஆனால் அதில் ஒயர் படக் கூடாது. ஒயரின் பிவிசி உறை வளைந்துகொடுப்பதற்காக அதில் கலந்திருக்கும் பொருளைத் தெர்மாகோல் இழுத்துக்கொள்ளும். தொட்ட இடத்தில் தெர்மாகோல் குழியும், உறை விறைக்கும். வேனில் ஒயர் போவதோ சுவருக்குள். ஓடுகிற வண்டியின் அதிர்வில் விறைத்த உறை என்ன ஆகும் என்று எந்த எலக்ட்ரீஷியனையும் கேட்டுப் பாருங்கள். தீப்பிடித்தால் தெர்மாகோல் உருகிச் சொட்டிக்கொண்டே எரியும், கரும்புகையோடு.

பஃப் எனக்குச் சோறு போடுகிற பொருள். இருந்தும் வேனுக்கு அதைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. 25 மி.மீ. பஃப் செய்யும் வேலைக்கு ரப்பர் 40 மி.மீ. வரை வேண்டும், குறுக்கே படுக்கை போடுகிறவர்களுக்கு இருபக்கமும் சேர்ந்து மிச்சமாகும் 3 செ.மீ. கால் நீட்டும்போது தெரியும். ஆனால் ஸ்பிரேயாக அடித்தால், ரிப் எனும் பாடியின் இரும்புச் சட்டத்தில் தண்ணீர் வடியும் ஓட்டை அடைபடும், ஒயர் புதைந்துபோகும், பின்னால் கூரை ஒழுகினால் எங்கே என்று கண்டுபிடிக்க எல்லாவற்றையும் சுரண்டியெடுக்க வேண்டும். எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். மீனுக்கு அது பொருட்டில்லை.

கிளாஸ் வூலில் கண்ணாடி நார் எரியாது என்பது உண்மை. ஆனால் ஊட்டியில் ஒரு ஜனவரி இரவைக் கழித்துப் பாருங்கள். இரண்டு பேரின் மூச்சு போதாதென்று அடுப்பு வேறு. ஒரு கிலோ எல்பிஜி எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். அது குளிர்ந்த இரும்பில் போய்ப் படியும். கிளாஸ் வூல் அதைக் குடித்துவிட்டு, ரோட்டுக் குலுக்கலில் கீழே சரிந்து, ஷீட்டை உள்ளிருந்தே துருப்பிடிக்க வைக்கும். வெள்ளி நிற பபுள் ஷீட்டைப் பற்றி ஒரு வரி போதும்: காற்று இடைவெளி விடாமல் பிளைவுட்டோடு ஒட்டினால் அது வெறும் பளபளப்பு.

என் கை போவது ரப்பர் ஷீட்டுக்குத்தான். பக்கங்களுக்கு 19 மி.மீ., கூரைக்கு 25 மி.மீ.யில் இரண்டு அடுக்கு. பாடியோடு இடைவெளியின்றி ஒட்ட வேண்டும். ஈரம் புக இடமிருக்காது. ரிப்பின் மேலும் ஒரு பட்டை ஒட்டாவிட்டால் சூடும் குளிரும் அந்த இரும்பு வழியே நுழைந்துவிடும். நெருப்பை எடுத்ததும் தானே அணைந்துவிடும் ரகத்தில் அது கிடைக்கிறது. சான்றில்லாத மலிவு ரகமும் அதே கறுப்பில்தான் கிடைக்கிறது.

என் குறை அங்கேதான். 2025 அக்டோபரில் ஜெய்சால்மர் அருகே ஏசி ஸ்லீப்பர் பஸ் எரிந்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். பத்து நாளில் கர்நூல் அருகே இன்னொரு பஸ். அப்போது எல்லோரும் பஸ்ஸின் உட்பொருட்களைப் பற்றிப் பேசினோம். வண்டிக்குள் வைக்கும் பொருள் கிடைமட்டமாக நிமிடத்துக்கு 100 மி.மீ.க்கு மேல் எரிந்து பரவக் கூடாது என்று ஐஎஸ் 15061 என்ற இந்தியத் தரவிதி சொல்கிறது. மூன்று மீட்டர் நீள அறைக்கு அதுவே தாராளமான சலுகை. கேரவனுக்கென்று ஏஐஎஸ் 124 விதிகளும் இருக்கின்றன. ஆனால் வண்டி ஆர்டிஓ முன்னால் நிற்கும்போது சுவர் மூடியிருக்கிறது. பலகை அடிக்கும் முன் எடுத்த படம், உள்ளே போட்ட பொருளின் பெயர், அதன் தீச்சோதனைச் சான்று ஆகியவற்றைக் கோப்பில் சேர்த்தாக வேண்டும் என்று உத்தரவு போட அரசுக்குப் பைசா செலவில்லை. பட்டறைக்காரர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும்.

அதுவரை வண்டிக்காரர்களே ஒன்று செய்யலாம். போடப்போகும் ஷீட்டில் விரலளவு துண்டை வெட்டி வாங்கி, வெட்டவெளியில் குறடால் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். குச்சியை எடுத்த பிறகும் எரிந்துகொண்டே இருந்தால், வண்டிச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.