மலர் அட்டைக்கு எந்நிறம்?

விழா மலரொன்று வெளிவரும்போது அட்டையின் நிறம் பற்றி வாதம் எழுவது இயல்பே. பொன்னிறமே விழாவுக்கு உரியது என்பார் சிலர். மலைநாட்டுக்குப் பச்சையே பொருந்தும் என்பார் வேறு சிலர்.

நிறத்துக்குப் பொருள் ஒன்றன்று. வெண்மை தூய்மையைக் குறிக்கும் என்கிறோம். வள்ளுவரோ அறிவின்மையை வெண்மை என்றார். செம்மை நிறமுமாம், நேர்மையுமாம். 1951இல் தேசியக் கொடியிற் சேர்ந்த செம்மஞ்சட் பட்டை தமிழரைக் குறிப்பது. ஆயின், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமை இழந்து நின்ற மலையகத் தமிழருக்கு அப்பட்டையில் அன்று பங்கிருந்ததா? எஞ்சியோர்க்கு அவ்வுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. நிறம் தானாகப் பொருள் தருவதில்லை. அதன்கீழ் மக்கள் நடத்தப்படும் முறையே தருகிறது.

பச்சையை நான் வெறுப்பவனல்லேன். ஆயினும், அட்டனிலிருந்து நானுஓயா வரை புகையிரதத்திற் செல்வோன் காண்பது பச்சை மட்டுமே. பறித்த கொழுந்து வாடி, உருட்டப்பட்டு, காற்றுப்பட்டுச் செம்பு நிறமடைந்த பின்னரே உலர்ந்து தூளாகிறது. அதன் சாயமும் செந்நிறமே. பச்சை நிலத்தின் நிறம். செம்மை உழைப்பின் நிறம்.

ஆதலின், வெளிர்ந்த தாளிற் செந்நிற எழுத்தும் ஓரத்திற் பச்சைக் கோடொன்றும் போதுமென்பது என் கருத்து. பச்சைமேற் சிவப்பெழுத்துப் பொறித்தல் தகாது. அவ்விரண்டையும் பிரித்தறியாக் கண்ணுடையோரும் நம்முள் உளர். இன்றைய அச்சகம் நான்கு மைகளால் எண்ணற்ற நிறங்களைத் தரும். கிடைப்பனவற்றையெல்லாம் பூசுதல் அழகன்று. பழைய மாணவர் இம்மலரைக் கையிலெடுக்கையில், தம் பெற்றோரின் உழைப்பை முதலிற் காண்பாராக.