48 மணி நேரம் போதுமா? ஒரு இடுப்பெலும்பின் கணக்கு

நெம்மேலி என்றதும் பலருக்கும் ஞாபகம் வருவது கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைதான். 2013-ல் திறந்தார்கள், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். கட்டி முடித்ததோடு செலவு தீர்ந்ததா? இல்லையே! சவ்வுகளைக் கழுவ வேண்டும், தேய்ந்தால் மாற்ற வேண்டும், கரண்ட் பில் கட்ட வேண்டும். மூலதனச் செலவு வேறு, பராமரிப்புச் செலவு வேறு. காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது முதல் வருடப் பாடம். ஆனால் அதே ஊர் வழியாகப் போகும் ஈ.சி.ஆர். சாலையில் அடிபடும் மனிதர்கள் விஷயத்தில் மட்டும் இந்தப் பாடம் மறந்துபோகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். 2008 முதல் 108 ஆம்புலன்ஸ் ஓடுகிறது. 2021 டிசம்பர் 18 அன்று இதே செங்கல்பட்டு மாவட்டத்தின் மேல்மருவத்தூரில் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் தொடங்கப்பட்டது. விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு, தொடங்கியபோது 1 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கும் என்றார்கள். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் 7 நாட்கள், 1.5 லட்சம் ரூபாய். உயிரைக் காப்பாற்ற இவை அவசியம், சந்தேகமே இல்லை. ஆனால் உடைந்த இடுப்பெலும்புக்கு 48 மணி நேரமும் தெரியாது, 7 நாளும் தெரியாது!

இடுப்பெலும்பு என்பது ஒற்றை எலும்பு அல்ல. இரண்டு பக்க எலும்புகளும் பின்னால் திருவெலும்பும் சேர்ந்த ஒரு வளையம். உடம்பின் மேல்பாரம் முழுவதும் இதன் வழியாகத்தான் கால்களுக்கு இறங்குகிறது. வளையம் ஆட்டம் காணாத சிறு முறிவு என்றால் ஓய்வு, வாக்கர், வலி மாத்திரையோடு பெரும்பாலும் 6 முதல் 12 வாரத்தில் கூடிவிடும். வளையமே நிலைகுலைந்தால் தகடு, திருகு வைத்து ஆபரேஷன். அதற்குப் பிறகும் பல வாரங்கள் அந்தப் பக்கக் காலில் பாரம் போடக் கூடாது. பழையபடி நடக்க ஆறு மாதம், ஒரு வருடம் என்று இழுக்கலாம். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், வைட்டமின் டி குறைபாடு இருந்தால் இன்னும் தாமதம்.

இந்த நீண்ட காலத்தில்தான் ஆபத்துகள் ஒளிந்திருக்கின்றன. படுத்தே இருப்பதால் காலில் ரத்தம் உறையலாம், படுக்கைப் புண் வரலாம். எலும்பு கூடாமலோ கோணலாகக் கூடியோ போகலாம். திருகு தளரலாம். நரம்பு, சிறுநீர்ப் பாதை, தாம்பத்தியம் சார்ந்த சிக்கல்களை வெட்கத்தால் பலர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. இதையெல்லாம் பிடிப்பதற்குத்தான் 6 வாரம், 12 வாரம், 6 மாதம் என்று எக்ஸ்-ரேயும் பரிசோதனையும்.

இப்போது நெம்மேலியில் ஒரு கட்டிடத் தொழிலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வாக்கரில் நிற்கிற மனிதர் திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்கு எப்படிப் போவார்? பஸ் படிக்கட்டு ஏற முடியாது. ஆட்டோ, கார் என்றால் காசு. கூடப் போகும் மனைவிக்கு அன்றைய கூலி போச்சு. ஆக, மறுபரிசோதனை இலவசம்தான், ஆனால் அதற்குப் போவது இலவசம் இல்லை! இரண்டு தடவை போவார், மூன்றாவது தடவை "வலி குறைஞ்சிடுச்சே" என்று விட்டுவிடுவார். யாராவது புத்தூர் கட்டுக்குக் கை காட்டுவார்கள். கை, காலைக் கட்டி அசையாமல் வைக்கலாம். இடுப்பு வளையத்துக்குள் நகர்ந்த எலும்பை எந்தக் கட்டு பிடித்து நிறுத்தும்?

இதில் பணக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. விபத்து இழப்பீட்டு வழக்கில் சிகிச்சைச் சீட்டு, எக்ஸ்-ரே, பில் எல்லாமே சான்று. வவுச்சர் இல்லாத செலவைக் கணக்குப் புத்தகம் ஏற்குமா? ஊனத்தின் சதவீதத்தை மட்டும் பார்க்காமல், அந்த ஊனம் அவருடைய தொழில் வருமானத்தை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என 2010-லேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. மறுபரிசோதனையைத் தவறவிட்டவர் உடம்போடு இந்தச் சான்றையும் இழக்கிறார்.

செய்யக்கூடியது பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. டிஸ்சார்ஜ் சீட்டோடு ஒரு வருடத்துக்கான தேதி அட்டை. தேதி தவறினால் ஒரு போன். போக்குவரத்துச் செலவுக்கு ஒரு சிறு தொகை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிசியோதெரபியை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அந்த வழியில் இடுப்பு முறிந்தவர்களையும் பட்டியலிட்டுத் தேடிப் போகலாமே?

"அரசிடம் இதற்கெல்லாம் பணம் ஏது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் லட்சக்கணக்கில் செலவழித்து உயிரைக் காப்பாற்றிவிட்டு, சில ஆயிரம் ரூபாய் பராமரிப்பு இல்லாமல் ஒரு குடும்பத்தின் சம்பாத்தியத்தை முடக்கிப் போடுவது சிக்கனமா, நஷ்டமா?

கடல்நீர் ஆலையின் சவ்வுக்கு வருடா வருடம் பட்ஜெட் உண்டு. அந்த ஆலை வாசலைத் தாண்டி பைக்கில் போய் விழுந்தவனின் இடுப்புக்கும் ஒரு வருட பட்ஜெட் வேண்டும். உயிர் பிழைத்தால் மட்டும் போதாது, எழுந்து நடக்கவும் வேண்டும் இல்லையா?