துணைக்கோளம் பார்த்தால் போதுமா? துறைகள் பேசிக்கொள்ள வேண்டும்!

2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீட்டு மேல்மாடியிலும் கூரையிலும் உதவிக்குக் காத்திருந்தவர்களை நாம் மறக்கவில்லை.

இன்று மழையைக் கணிப்பது வானிலைத் துறை. ஆற்று மட்டத்தைக் கண்காணிப்பது வடிகால், நீர்ப்பாசனத் துறை. துணைக்கோளப் படங்களைக் கையாள்வது மலேசிய விண்வெளி நிறுவனமான மைசா. பேரிடர் நடவடிக்கையை ஒருங்கிணைப்பது நட்மா. இவை நான்கும் ஒரே அமைச்சின் கீழ் இல்லை.

இணைப்பது நமக்குப் புதிதல்ல. அங்காசாவும் தொலையுணர்வு நிறுவனமும் 2019-இல் மைசாவாக ஒன்றாயின. மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் ராடார் படங்களை ஐரோப்பாவின் சென்டினல்-1 திட்டம் 2014 முதல் இலவசமாகத் தருகிறது. ஆகவே படத்துக்குப் பஞ்சமில்லை.

ஆனால் பருவநிலை மாற்றத்தை அறிய ஒரு வெள்ளத்தின் படம் போதாது. மழை, ஆறு, நிலம் மூன்றின் பல்லாண்டுத் தரவும் ஒரே இடத்தில், ஒரே அளவுகோலில் சேர வேண்டும். எந்தத் தாமானில், எந்தத் தோட்ட லயத்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்பதை அப்போதுதான் முன்கூட்டிச் சொல்ல முடியும்.

அந்தப் பட்டியல் மழைக்கு முன்பே மாவட்ட அலுவலகத்துக்கு வர வேண்டும். நம் மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.