பண்ருட்டி முந்திரியும் பக்லாவாவும்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வருவோரின் பெட்டிகளில் பக்லாவா மஞ்சக்குப்பத்துக்கும் வந்து சேர்கிறது. நம்மவர் பலரின் தீர்ப்பு ஒரே சொல்லில் முடிந்துவிடும்: திகட்டுகிறது. பாதுஷாவைப் போல் முழுதாக வாயிலிட்டால் திகட்டாமல் என்ன செய்யும்? சிறு துண்டு போதும். உடன் சர்க்கரையில்லாக் கடுங்காப்பி வேண்டும். தாளினும் மெல்லிய மாவேடுகள், அவற்றினிடையே உருக்கிய வெண்ணெய், நடுவே நொறுக்கிய பருப்பு. சுட்டெடுத்த சூட்டிலேயே ஆறிய பாகை ஊற்றுவர் பலர்; ஏடுகள் நமத்துப்போகாதிருக்க அது ஒரு வழி. பல்லில் படும்போது எழும் நொறுங்கல் ஓசையே பாதிச் சுவை.

'அயல்நாட்டுப் பண்டம் நமக்கெதற்கு' என்போரும் உளர். துருக்கியின் காசியான்தெப் நகரத்தார் இதில் பிஸ்தா வைப்பர். லெபனானிலோ முந்திரியும் வைப்பதுண்டு. அந்த முந்திரி மட்டும் நமக்கு உறவோ? பிரேசிலிலிருந்து போர்த்துகீசியர் கொண்டுவந்த மரம் அது. இன்று பண்ருட்டிச் செம்மண்ணின் பிழைப்பே அதுதான். 2011 டிசம்பரில் தானே புயல் தோப்புகளைச் சாய்த்தபோது எத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்தது என்பதைக் கடலூர்க்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முழுப்பருப்புக்கு உள்ள விலை உடைந்த பருப்புக்கு இல்லை. பக்லாவாவுக்கோ நொறுங்கியதே வேண்டும். நம்மூர் இனிப்புக்கடைக்காரர் எவரேனும் பண்ருட்டிக் குருணையை வைத்து இதைச் செய்து பார்க்கட்டும். டால்டா மட்டும் வேண்டாம்; வெண்ணெய்க்குச் செலவிட மனமில்லாதவர் பாதுஷாவோடு நின்றுகொள்ளலாம்.